பின்சுவரில் நான்கு அடி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, இரும்பு டேப் ஒன்று கட்டாயம் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் தூணுக்குத் தூண் இடைவெளி என்ன என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பாள். இரண்டு பிரிவுகளுக்குள் எல்லைத் தகராறு வந்தால், "டேப் அக்கா அளந்ததா? அப்ப பேச்சே இல்ல" என்று அதிகாரிகளே கோப்பை மூடிவிடுவார்கள். சம்பளம் அப்படி இப்படித்தான். இந்தப் பேர் மட்டும்தான் அவள் சேர்த்து வைத்திருந்தது.

தையல்காரர் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் கடையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அளவு எழுதுவாள். தோள் பதினேழு, இடுப்பு முப்பத்தெட்டு, இடது கை அரை அங்குலம் கம்மி. எந்த மனிதரும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதை எட்டு வயதிலேயே தெரிந்துகொண்டாள். கட்டடங்களும் அப்படித்தான் என்பது தெரிய வெகுகாலம் ஆனது.

அது தெரிந்தது ஒரு சூஃபி ஞானியின் அடக்கத்தலத்தில்.

ஊரின் பழைய பகுதியில், ஓர் அச்சகத்துக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே சந்துக்குள் இருந்தது அது. ஒரே அறை. மேலே வெங்காயத்தைக் கவிழ்த்தது போல ஒரு குவிமாடம். குனிந்து நுழைய வேண்டிய வாசல். நடுவில் பச்சைத் துணி போர்த்திய சமாதி. முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கால்நடையாக இந்த ஊருக்கு வந்து, இங்கேயே தங்கி, பாடம் சொல்லிக்கொடுத்து, ஒன்பது நூல்கள் எழுதி, அரசன் கொடுத்த பதவியை வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பெரியவர் அவர். அவர் மறைந்த பிறகு அதே அரசன் கல்லறை கட்டினான் என்று வாசல் பலகை சொன்னது. பலகையின் கடைசி வரி: "34 அடிக்கு 34 அடி. பிசிறில்லாத சதுர அமைப்பு."

அந்த வரி அவள் போட்டது. அதாவது, அவள் முதன்முதலாகப் போட்ட வரைபடத்திலிருந்து எடுத்தது. அதற்குப் பிறகு வந்த கையேடு ஒன்று, நான்கு சம பக்கங்களும் நான்கு திசைகளையும் சமமாக நேசித்த ஞானியின் மனதைக் குறிக்கின்றன என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஆனால் பக்கம் முடியும் முன்பே கையேட்டை மூடிவிடுவாள். ஏன் மூடுகிறோம் என்று அவள் நின்று யோசித்ததில்லை.

இந்த வருடம் மழைக்கு முன்னால் பழுது பார்ப்பதாக முடிவானது. வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் பின்சுவர் உள்பக்கமாக வீங்கிவிட்டது. புதிதாக வந்த இன்ஜினியர் பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தார். சுவர் நான்கு அடிக் கனம், முழுக்கக் கல். வீங்கிய பக்கம் ஒன்றரை அடியை மெஷின் வைத்துச் செதுக்கி, கான்கிரீட்டால் நேராக்கிவிடலாம். அனுமதியும் வந்துவிட்டது.

"அக்கா, சும்மா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. ஃபைலுக்கு ஒரு புது பிளான் வேணும். உங்க பழைய பிளான்ல தேதிய மாத்துனாலும் எனக்கு ஓகே" என்றார் இன்ஜினியர். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நல்ல பையன். ஆனால் கால் தரையில் பாவாது.

"தேதிய மாத்துறதுக்கு நான் எதுக்கு சார்? ரப்பர் இருந்தா போதுமே" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடக்கத்தலத்தின் சாவி ஒருவரிடம்தான் இருந்தது. காலையில் திறந்து, பெருக்கி, வருகிறவர்களுக்குக் கதை சொல்லி, சாயங்காலம் பூட்டுகிறவர். சாவிக்காரர் என்றால் சந்தில் எல்லோருக்கும் தெரியும். அறுபதை நெருங்கினாலும் வாய்க்கு வயதே ஆகவில்லை. அவளைப் பார்த்ததும், "வா தங்கச்சி, போன தடவை வந்தப்ப ரெட்டை ஜடை போட்டிருந்த. இப்ப கண்ணாடி போட்டிருக்க. பெரியவர் மட்டும் அப்படியே இருக்காரு" என்றார்.

"டேப்போட அந்த முனையைப் பிடிங்க அண்ணே. இழுத்துப் பிடிங்க, தொங்கவிடாதீங்க."

"நாப்பது வருஷமா இந்த இடத்தையே இழுத்துப் பிடிச்சிட்டிருக்கேன். இந்த நாடா என்ன பெரிய விஷயம்?"

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் இரண்டு முறை அளப்பாள். முதலில் இடமிருந்து வலம், அப்புறம் வலமிருந்து இடம். முதல் அளவை எழுதிய தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டுத்தான் இரண்டாவதை எடுப்பாள். வெளிப்பக்கம் அகலம் முப்பத்திரண்டு அடி. திரும்ப அளந்தாள். முப்பத்திரண்டு. முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் முப்பத்தாறு. திரும்ப அளந்தாள். முப்பத்தாறு.

"அண்ணே, முனையைச் சரியாப் பிடிச்சீங்களா?"

"நான் வேணா பிடிக்கத் தெரியாதவனா இருக்கலாம் தங்கச்சி. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி தெரியாதவனா இருக்க முடியுமா?"

உள்ளே அளந்தாள். உள்ளறை சதுரம்தான். இருபத்தாறுக்கு இருபத்தாறு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பக்கச் சுவர்கள் மூன்று மூன்று அடி. வாசல் சுவரும் மூன்று. கூட்டிக் கழித்தால் பின்சுவர் மட்டும் ஏழு அடி. ஒரு சின்ன குவிமாடத்தைத் தாங்க ஏழு அடிச் சுவர் யார் கட்டுவார்கள்?

சமாதிக்கு அருகே அப்படியே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் முழுசாகத் திரும்பி வந்தது.

அப்போது பின்சுவரை ஒட்டி வெளியே மூன்று தகரக் கொட்டகைகள் இருந்தன. நேராக டேப் போட வழியில்லை. துண்டு துண்டாக அளந்து கூட்டியதில் ஒரு பக்கம் முப்பத்திரண்டும் இன்னொரு பக்கம் முப்பத்தாறும் வந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு தலைமை வரைவாளரிடம் ஓடினாள். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். "இந்த மாதிரி கட்டடம் எல்லாம் சதுரம்தாம்மா. கொட்டகைக்குள்ள பூந்து அளந்ததுல நீ எங்கயோ கோட்டை விட்டிருக்க. பங்கு போட்டுடு."

பங்கு போடுவது அவர்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. ஒரு கட்டடத்தைச் சுற்றி அளந்து வந்தால் கடைசியில் அங்குலம் ஒன்றோ இரண்டோ இடிக்கும். டேப் தொங்கியிருக்கும், கை நடுங்கியிருக்கும். எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருக்காமல் அந்த வித்தியாசத்தை எல்லாப் பக்கத்துக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். வரைபடம் அழகாக மூடிக்கொள்ளும். ஒருவருக்கும் வலிக்காது. ஆனால் அன்று பிரித்தது அங்குலம் அல்ல, நான்கு அடி. முப்பத்திரண்டும் முப்பத்தாறும் முப்பத்துநான்காயின. சுவர்கள் எல்லாம் நான்கு நான்கு அடி ஆயின. "ஜன்னல்ல மூணு அடிதானே சார் வருது?" என்று அவள் கேட்டதற்கு, "ஜன்னலுக்காகக் குடைஞ்சிருப்பான்" என்று பதில் வந்தது. சின்ன வயது. வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள். சரி சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் மேலதிகாரி, "பொண்ணு கை சுத்தம்" என்றார். பேர் அங்கேதான் தொடங்கியது.

"என்ன தங்கச்சி, மயக்கமா? முகம் சுண்ணாம்பாட்டம் இருக்கு" என்றார் சாவிக்காரர்.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் உட்காரணும்."

இடது பக்க ஜன்னல் ஒன்றின் அருகே தரையில் உட்கார்ந்தாள். அளவுகளை இன்னொரு முறை கூட்டிப் பார்க்கலாம் என்று நோட்டை மடியில் வைத்துக் குனிந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். வெளிச்சம் மிகச் சரியாக நோட்டின் மேல் விழுந்தது. முகத்தில் இல்லை, தரையில் இல்லை. மடியில்.

ஜன்னல்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கின. நின்றுகொண்டு பார்த்தால் அவற்றுக்கு அர்த்தமே கிடையாது. இடதில் மூன்று, வலதில் மூன்று.

"ஜன்னல் ஏன் அண்ணே இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"யாரு கேக்குறாங்கன்னு பார்த்துச் சொல்லுவேன். பக்தியா வர்றவங்க கிட்ட, பணிவு வேணும்னு தாழ்வா வச்சாங்கன்னு சொல்லுவேன். பள்ளிக்கூடப் பசங்க வந்தா, பெரியவர் குள்ளம்டான்னு சொல்லுவேன். வெளியூர்க்காரங்கன்னா, காத்து கீழ் வழியாத்தான் வரும்னு சொல்லுவேன்."

"எது நிஜம்?"

"நிஜம் யாருமே கேக்கலையே. நீதான் மொத ஆளு."

ஒவ்வொரு ஜன்னலுக்குப் பக்கத்திலும், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், சுவரில் ஒரு மாடம். விளக்கு மாடங்கள் என்று கையேட்டில் போட்டிருந்தது. அவள் ஒன்றுக்குள் கையை விட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தாள். விளக்கு எரிந்திருந்தால் மேல்பக்கம் கரி அப்பியிருக்கும். துளிக் கரி இல்லை. சுண்ணாம்புப் பூச்சு அப்படியே மழமழவென்று இருந்தது. ஆறு மாடங்களையும் பார்த்தாள். சாவிக்காரரும் தன் பங்குக்குக் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்.

"புஸ்தகம் வைக்க" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல.

"சமாதிக்குள்ள எதுக்கு தங்கச்சி புஸ்தகம்? பெரியவர் இன்னுமா படிக்கிறாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே காது மடல் சூடேறியது. ஏதோ ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போது அவளுக்கு அப்படித்தான் ஆகும். ஆறு பேர் உட்கார்ந்து படிக்கிற அறை இது. அப்படியானால் ஜன்னலே இல்லாத அந்தப் பின்சுவர்?

அங்கே போய் விரல் முட்டியால் தட்டினாள். ஓரத்தில் கல்லின் கெட்டிச் சத்தம். வீங்கிய இடத்தில் பூசணிக்காயைத் தட்டுவது போல டொப்பென்றது. விரிசல் ஒன்றில் டேப்பின் முனையை மெதுவாக நுழைத்தாள். அரை அடி போனதும் எதிலோ மெத்தென்று குத்தியது. வெளியே இழுத்தால் முனையில் மண். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு துண்டு வைக்கோல்.

கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய அரசன் வீட்டுக் கல்லறைக்குள் மண் சுவர். சாவிக்காரர் அந்த வைக்கோல் துண்டை உள்ளங்கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அதைத் தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை இன்ஜினியரின் மேஜை முன் நின்றாள்.

"மெஷின் உள்ள போனா அந்த மண் சுவர் அப்படியே உதிர்ந்துடும் சார். கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாது. வெளிக் கல்லுதான் குவிமாடத்தைத் தாங்குது. ஆனா உள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்."

"அக்கா, நீங்க சொன்னா நான் கேப்பேன். ஆனா அனுமதி வந்துடுச்சு. வர்ற திங்கக்கிழமை ஆளு வருது. நிறுத்தணும்னா காரணம் வேணும்." அவர் ஒரு படிவத்தை எடுத்துத் தள்ளினார். "இதுல ஒரு கட்டம் இருக்கு பாருங்க. பழைய பிளானுக்கும் புது பிளானுக்கும் வித்தியாசம் ஏன்னு. கொட்டகைய எடுத்ததால இட அமைப்பு மாறிடுச்சுன்னு எழுதுனா உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல."

"அப்படி எழுதுனா வேலை நிக்குமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "நிக்காது. கொட்டகை வெளிய இருந்தது. சுவரோட கனம் பழசுல அளந்ததுதானேன்னு மேல கேப்பாங்க. பழைய அளவே தப்புன்னா மட்டும்தான் அனுமதி தானா ரத்தாகும்."

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கட்டத்தைப் படித்தாள்.

"ஒரு நாள் டயம் குடுங்க" என்று படிவத்தை மடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் கணவரின் கடைக்குப் போனாள். மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் ஒரு ஃப்ரேமின் காலை முறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"உன்னை யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அந்தத் தலைமை வரைவாளர் இருக்காரா?"

"போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப அவர்தான் போடச் சொன்னாருன்னு எழுதேன். செத்தவருக்கு என்ன நோட்டீஸா வரப்போகுது?"

"கையெழுத்து என்னோடது."

"அப்ப எழுதாத. நாலு அடிதானே. நாலு ஊரா முழுங்கிட்ட?"

அவள் கண்ணாடி அலமாரியில் கோணலாக இருந்த ஒரு ஃப்ரேமை நேராக்கினாள். பிறகு, "அந்தச் சுவத்துல மட்டும் ஏன் ஜன்னல் இல்லைன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

"பேர் போனாலும் பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யார் சொன்னது? ஆனா தெரியணும்."

அவர் ஃப்ரேமைக் கீழே வைத்தார். "இருபது வருஷம் உன்கூட இருந்துட்டேன். இதுக்கு மேல நான் பேசுனா என் வாய்தான் வலிக்கும். எழுது. பேனா வேணுமா?"

கடையின் மேஜையிலேயே எழுதினாள். அந்தக் கட்டத்தில் மூன்று வரிக்குத்தான் இடம் இருந்தது. "முந்தைய வரைபடத்தில் பின்சுவரின் கனம் அளக்கப்படவில்லை. அளவுகள் பொருந்தாததால் வித்தியாசத்தை நான் எல்லாச் சுவர்களுக்கும் பங்கிட்டேன். கட்டடம் சதுரம் அல்ல." கீழே கையெழுத்து. இருபத்திரண்டு வருடத்தில் கையெழுத்து மாறவே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தாள்.

வேலை நின்றது. இரண்டு வாரம் கழித்து, இன்ஜினியர் முன்னால் நிற்க, ஒரு கொத்தனார் சின்ன உளியால் வீங்கிய செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார். சாவிக்காரர் சமாதியின் துணிமேல் தூசி படாமல் தார்ப்பாய் விரித்துவிட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

செங்கல்லுக்குப் பின்னால் மண் சுவர். அதற்கும் வெளிக் கல்சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தை உடைகல்லாலும் சாந்தாலும் நிரப்பியிருந்தார்கள். மண் சுவரின் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சுவர் நெடுக ஒரு பட்டை ஓடியது. பழுப்பு நிறம். எண்ணெய் தடவிய மரம் போல மினுமினுத்தது.

"ஈரம் ஏறியிருக்கு" என்றார் இன்ஜினியர்.

"ஈரம்னா தரையிலேர்ந்து ஏறணும் சார். இது நடுவுல நிக்குதே" என்றார் கொத்தனார்.

அவள் சுவருக்கு முதுகைக் காட்டி, அதைத் தொட்டும் தொடாமலும் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பட்டை அவளுடைய தோளுக்கும் முதுகுக்கும் நேராக வந்து நின்றது. வருடக் கணக்கில் ஆட்கள் சாய்ந்து உட்கார்ந்த இடம். முதுகும் வேர்வையும் தலை எண்ணெயும் போட்ட மெருகு. நடுவில், வாசலுக்கு நேர் எதிரே, மண்ணே லேசாகக் குழிந்து போயிருந்தது. ஒரே ஒருவரின் முதுகு அகலத்துக்கு.

அந்தக் குழிக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நுழைகிறவர்கள் தெரிந்தார்கள். இடதில் மூன்று ஜன்னல், வலதில் மூன்று ஜன்னல், ஆறும் ஒரே பார்வையில் அடங்கின. ஆறு மடிகளில் ஆறு புத்தகங்கள் விரிந்திருந்தால், தலையைத் திருப்பாமலே யார் தூங்குகிறார்கள் என்று சொல்லிவிடலாம். பாடம் சொல்கிறவருக்குப் பின்னால் ஜன்னல் எதற்கு? முகம் இருட்டிப்போகாதா?

அரசன் வந்து கல்லறை கட்டும் முன்பே இங்கே ஓர் அறை இருந்திருக்க வேண்டும். அவர் பாடம் நடத்திய மண் அறை. அதன் நடுவிலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். கல் கட்டடம் எழும்பியபோது மூன்று மண் சுவர்களை எடுத்துவிட்டு, ஜன்னல்களை அதே உயரத்தில் கல்லில் வைத்திருக்கிறார்கள். நான்காவதை மட்டும் எடுக்க யாருக்கோ கை வரவில்லை. அது உள்ளே அடங்கும்படி கல்சுவரை நான்கு அடி தள்ளிப் போட்டு, உள்பக்கம் செங்கல்லால் மூடிவிட்டார்கள். அரசன் சொல்லிச் செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா? அந்த ஆறு பேரில் யாராவது கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்களா? அது எந்தப் பலகையிலும் இல்லை. இனி தேட வேண்டும்.

"இங்கதான் உட்கார்ந்திருந்தாரா?" என்று சாவிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"இருக்கலாம் அண்ணே. அளந்தா இவ்வளவுதான் சொல்ல முடியும்."

"போதும் தங்கச்சி. நாப்பது வருஷமா பெரியவர் படுத்திருக்கிற இடத்தைத்தான் காட்டிட்டிருந்தேன்."

இன்ஜினியர் வெளியே போய் இரண்டு ஃபோன் பேசிவிட்டு வந்தார். பின்சுவரின் வேலையை முழுக்க மாற்றி எழுத வேண்டும் என்று அலுத்துக்கொண்டே, தன் ஃபோனில் அந்தப் பட்டையை மட்டும் பன்னிரண்டு படம் எடுத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் விஷயம் பரவ ஒரு நாள் கூட ஆகவில்லை. குடிநீர்ப் பிரிவில் யாரோ அவளுக்கு "நாலடி அக்கா" என்று பேர் வைத்தார்கள். நிலப் பிரிவுக்காரர் ஒருவர் பழைய தகராறு ஒன்றின் கோப்பைத் தூசி தட்டி, "இதுலயும் பங்கு போட்டீங்களா மேடம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் முகம் சிவந்தது. "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரக் கடைசியில் உத்தரவு வந்தது. அவள் கையெழுத்திட்ட வரைபடங்கள் அத்தனையும் மறு அளவைக்கு. மொத்தம் நூற்றுப் பதினான்கு கட்டடங்கள். அளக்க வேண்டியதும் அவளேதான். கூடவே இன்னொரு பிரிவிலிருந்து சரிபார்க்க ஓர் ஆள் வருவார்.

வீட்டில் கணவர் அந்தப் பட்டியலை மூக்குக் கண்ணாடியை உயர்த்தி உயர்த்திப் படித்தார். தானியக் கிடங்கு, பழைய நீதிமன்றம், மூடிய பள்ளிக்கூடம், ஆற்றோரத்துச் சுங்கச் சாவடி.

"இதுல எத்தனை இடத்துல பங்கு போட்ட?"

"அங்குலக் கணக்குல எல்லாத்துலயும். அடிக் கணக்குல எத்தனைன்னு ஞாபகம் இல்ல."

"வெக்கமா இல்லையாடி?"

"இருக்கு" என்றாள். பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கி, நீதிமன்றத்துக்கு நேராக விரலை வைத்தாள். "இங்க மாடிப்படிக்குப் பின்னால மூணு அடி இடிச்சுச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது. சனிக்கிழமை காவலாளி இருப்பாரா, தெரியுமா?"